பதினொன்றாம் இடமும் பிஸ்கட் பெட்டியும்

என்னைப் பற்றி இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. அவசரப்பட்டு வாழ்த்திவிடாதீர்கள். கார் பந்தய ஓட்டுநர்களின் கணக்கையெல்லாம் தொகுத்துவைக்கிற ஏதோ ஒரு தளம். எந்த ஊர்ப் புண்ணியவானோ, வேறு வேலை இல்லாமல் (எனக்கும் இல்லை, அதனால் கிண்டல் செய்ய உரிமை கிடையாது) டூரிங் கார் பந்தயம் ஓட்டிய ஒவ்வொருவனையும் தேடிப்பிடித்துக் கட்டம் கட்டி எழுதிவைத்திருக்கிறான்.

என் கட்டங்களில் இருப்பது இதுதான். ஓட்டிய பந்தயம்: ஒன்று. வெற்றி: பூஜ்யம். முதல் மூன்று இடம்: பூஜ்யம். வேகமான சுற்று: பூஜ்யம். புள்ளிகள்: பூஜ்யம். சிறந்த இடம்: பதினொன்று. ஒரே ஒரு பந்தயம் ஓட்டியவனுக்குச் 'சிறந்த இடம்' என்று தனியாக ஒரு கட்டம் எதற்கு? மோசமான இடமும் அதுதானே. புகைப்படம் இருக்க வேண்டிய இடத்தில் முகமில்லாத ஒரு சாம்பல் நிறத் தலை இருக்கிறது. (உற்றுப் பார்த்தால் கொஞ்சம் என் ஜாடை.)

ஷார்ஜாவில் இருக்கும் அக்கா மகள்தான் இந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்து அனுப்பினாள். "மாமா, நீங்க ஃபேமஸ்!" என்று எழுதி, பக்கத்தில் அழுதுகொண்டே சிரிக்கும் பொம்மைகள் ஏழு. அந்தப் பதினொன்றாம் இடம் எப்படிக் கிடைத்தது என்று பக்கத்தை எழுதியவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னொரு கட்டம் போட்டிருப்பார்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. டூரிங் கார் என்றால் நம் தெருவில் ஓடுகிற கார்தான். உள்ளே மெத்தை, பின் சீட்டு, பக்கத்து சீட்டு எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, இரும்புக் குழாயில் ஒரு கூண்டு பொருத்தி, ஓட்டுகிறவனுக்கு மட்டும் ஒரு சீட்டு வைத்திருப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து "மெதுவாப் போ" என்று சொல்ல ஆள் கிடையாது. ஒண்டியாக ஓட்ட வேண்டும். அது எனக்கு நன்றாகவே வந்தது. கூட நாலு பேர் ஓட்டியபோதுதான் கெட்டது.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. ஏற்காட்டில் ஒண்டிக்கடை ரவுண்டானா பக்கம் எங்கள் கடை. மளிகை, காப்பிப் பொடி, மிளகு, சுற்றுலா வருகிறவர்களுக்குக் கம்பளிக் குல்லா. அத்தாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு கடையை நடத்தியது என் அக்கா மெஹருன்னிசா. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். கணவரையும் சின்ன வயதிலேயே இழந்து, கைக்குழந்தையோடு வந்து கல்லாவில் உட்கார்ந்தவள். கல்லா அக்காவுடையது, வேன் என்னுடையது. விடிகாலை மலையிறங்கிச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சாமான் ஏற்றி, வெயில் ஏறும் முன் மேலே வந்துவிடுவேன். இறங்க இருபது கொண்டை ஊசி வளைவு, ஏற இருபது.

இந்த வளைவுகளில் வருஷக்கணக்காக ஓட்டினால் கைக்குச் சில பழக்கங்கள் வந்துவிடும். வளைவு வந்தால் ஹாரன். பின்னால் ஒருவன் லைட் அடித்தால், இடப்பக்கம் ஒதுங்கி, வலது கையை வெளியே நீட்டி "போங்க" என்று வழி விட வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகிறானோ, வயிற்றைக் கலக்குகிறதோ, நமக்கென்ன தெரியும்? ஒரு வண்டி நின்றால் "என்னங்க ஆச்சு?" என்று கேட்காமல் தாண்டக் கூடாது. அது நொண்டிக்கொண்டே ஓடினால், பின்னால் வருகிறவன் வந்து மோதாமல் இருக்க, நாலு பக்க விளக்கையும் மினுக்கிக்கொண்டு காவலாகப் பின்னாலேயே போக வேண்டும். இதையெல்லாம் யாரும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. ஆனால் மீறியவனுக்கு டீக்கடையில் டீ தாமதமாகத்தான் வரும்.

எனக்கு மட்டும் கூடுதலாக ஒரு பழக்கம். வேனில் இருந்த கேசட் பிளேயர் செத்துப்போனதிலிருந்து நானே ரேடியோ. வளைவில் ஹாரன் அடிப்பேன், பேசுவேன். அடுத்த வளைவில் ஹாரன் அடிப்பேன், விட்ட இடத்திலிருந்து தொடர்வேன். கடைக்கு வந்த கிராக்கியைப் பற்றி, அக்காவின் சமையலைப் பற்றி, என் எதிர்காலத்தைப் பற்றி. கேட்பதற்குப் பனிமூட்டமும் குரங்குகளும் மட்டும்தான்.

குரங்கு என்றதும் சொல்ல வேண்டும். ஒருநாள் ஆசைக்கு வேகமாக வளைத்ததில் பின்கதவு திறந்து ஒரு பிஸ்கட் பெட்டி பள்ளத்தில் போய்விட்டது. அக்காவிடம், "குரங்கு தூக்கிட்டுப் போயிருச்சுக்கா" என்றேன். முழுப் பெட்டியையுமா என்று கேட்டாள். "கூட்டமா வந்துச்சுக்கா" என்றேன். அதன்பிறகு எது உடைந்தாலும் குறைந்தாலும் எங்கள் மலைக் குரங்குகள்தான் பழி சுமந்தன.

இப்படியிருக்கையில் பிரதாப் சார் வந்தார். எஸ்டேட் முதலாளி ஒருவரின் மகன், தலையில் எப்போதும் ஒரு தொப்பி. கோயம்புத்தூர்ப் பக்கம் இருந்த ரேஸ் மைதானத்தில் இரண்டு கார் வைத்து ஒரு சின்ன டீம் நடத்திக்கொண்டிருந்தார். ஒரு விடிகாலை மூட்டத்தில் என் வேனுக்குப் பின்னால் தன் விலையுயர்ந்த காரில் இறங்கியிருக்கிறார். உச்சியிலிருந்து அடிவாரம் வரைக்கும் அவரால் என்னை எட்டிப் பிடிக்க முடியவில்லை. அடிவாரத்தில் நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது வந்து நின்று, "யாருய்யா நீ?" என்றார். (லைட் அடிக்கும் தூரத்துக்கு வந்திருந்தாரானால் வழி விட்டிருப்பேன். என் தலையெழுத்து, அவர் வரவில்லை.)

அவருடைய ஓட்டுநர் ஒருவர் மணிக்கட்டை உடைத்துக்கொண்டிருந்தார். நாலு வாரம் ஞாயிறுதோறும் என்னை மைதானத்துக்குக் கூட்டிப்போய்ப் பழக்கி, பந்தய லைசென்ஸ் வாங்கிக்கொடுத்து, ஒப்பந்தத்தைச் சொன்னார். "ஒரே ரேஸ். முதல் பத்துக்குள்ள வந்தா அடுத்த சீசன் முழுக்கச் சீட் உனக்கு. கோயம்புத்தூர்ல ரூம், சம்பளம், எல்லாம். பத்தைத் தாண்டிட்டா உன் வேன் உனக்கு, என் கார் எனக்கு."

அன்றைக்கே அக்காவிடம் சொன்னேன். மிளகு சலித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"நீ போயிட்டா வண்டிய யாரு ஓட்டறது?"

இதற்கு ஆயிரம் பதில் சொல்லியிருக்கலாம். மைதானத்தில் நாலு பேர் கைதட்டிய மப்பில் நான் சொன்னது இது: "உன் கடைக்கு வண்டி ஓட்டியே நான் கெழவனாகணுமா?"

அக்கா சல்லடையைக் கீழே வைத்தாள். "ஆக வேண்டாம் சாமி. போ."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு மூன்று வாரம் பேச்சு கிடையாது. சோறு வரும், குழம்பு வரும், பேச்சு வராது. சாமான் லிஸ்ட்டை எழுதி வேனின் டாஷ்போர்டில் ஒட்டிவிடுவாள். வாங்கி வந்ததற்கு நான் டிக் அடிப்பேன். லிஸ்ட்டில்தான் அவளுடைய கோபத்தின் அன்றாட நிலவரம் தெரியும். 'சீனி ரெண்டு மூட்டை. துவரம்பருப்பு ஒரு மூட்டை. பிஸ்கட், குரங்குக்குப் போக மீதி.'

பந்தயத்துக்கு முந்தின நாள் தகுதிச் சுற்று. ஒவ்வொருவரும் இடைவெளி விட்டு ஓட்டி, யாருடைய நேரம் குறைவோ அவர் முன்னால் நிற்கலாம். எனக்கு முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் இல்லை. பனி இல்லாத ஏற்காடு என்று நினைத்துக்கொண்டு ஓட்டினேன். பதினாலு காரில் ஆறாவது! பிரதாப் சார் என்னைத் தூக்கிச் சுற்றினார். "பத்து என்னய்யா பத்து, முதல் அஞ்சுலயே வந்துருவே!"

சந்தோஷத்தைச் சொல்ல ஆள் வேண்டும் அல்லவா? லாட்ஜ் வாசலில் இருந்த பூத்திலிருந்து கடைக்குப் போன் போட்டேன். அக்காதான் எடுத்தாள். "அலோ." எனக்கு வாய் வரவில்லை. "அலோ?" அப்போதும் வரவில்லை. கடையில் யாரோ குல்லா விலை கேட்பது கேட்டது. பிறகு, முன்பின் தெரியாதவரிடம் பேசுகிற மரியாதையோடு சொன்னாள்: "யாரா இருந்தாலும் சரிங்க. அங்க ஜாபர்னு ஒருத்தன் இருந்தா, வண்டிச் சாவிய எடுத்துக்கிட்டுப் போயிட்டான்னு சொல்லிருங்க."

பையைத் தொட்டுப் பார்த்தேன். சாவி இருந்தது. பயத்தில் போனை வைத்துவிட்டேன். அன்றிரவு சாப்பிட்ட பரோட்டாவுக்கு ருசி இருந்ததாக ஞாபகம் இல்லை.

மறுநாள் காலையில் காரில் புதிதாக ஒரு ரேடியோ பொருத்தியிருந்தார்கள். பொருத்தியவன் மாதேஸ், எங்கள் வாழவந்திக்காரன், பிரதாப் சாரின் மெக்கானிக். அவன்தான் விளக்கினான். "ஏனுங்க ஜாபரண்ணா, நல்லாக் கேட்டுக்கங்க. இந்தச் செவப்பு பட்டன அமுக்கிக்கிட்டுப் பேசினா, நீங்க பேசறது எங்களுக்குக் கேக்கும். அமுக்காம இருந்தா, நாங்க பேசறது உங்களுக்குக் கேக்கும். புரிஞ்சுதுங்களா?"

தலையை ஆட்டினேன். ஹெல்மெட் மாட்டிவிட்டால் எனக்கு எல்லாமே புரியும். பட்டன் ஸ்டியரிங்கின் நட்ட நடுவில் இருந்தது. சாதாரணக் காரில் அங்கே என்ன இருக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நான் யோசிக்கவில்லை.

பந்தயம் தொடங்கும் முன் கார்களை வரிசையாக நிறுத்தி வைப்பார்கள். ஒவ்வொரு காருக்குப் பக்கத்திலும் குடை பிடித்துக்கொண்டு யாராவது நிற்பார்கள். ஒருவருக்கு மனைவி, ஒருவருக்குத் தம்பி, ஒரு பையனுக்கு அவனுடைய அப்பா நின்று தோளை அமுக்கிக்கொண்டிருந்தார். எனக்கு மாதேஸ் குடை பிடித்தான். நடுவில் யாரோ ஸ்பேனர் கேட்டுக் கூப்பிட, குடையோடு போய்விட்டான். கேலரியில் ஏதாவது தெரிந்த முகம் இருக்கிறதா என்று பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை. ஏற்காட்டில் கூட்டம் அலைமோதும் நாள். கடையை விட்டு யார் வருவார்கள்? வெயிலில் கூண்டுக்குள் உட்கார்ந்து, என் மூச்சை நானே கேட்டுக்கொண்டிருந்தேன்.

புறப்படச் சொல்லும் சிவப்பு விளக்கு அணைந்தது. கிளம்பினோம். மொத்தம் பதினைந்து சுற்று.

முதல் மூன்று வளைவு வரைக்கும் நான் ஆறாவதாகத்தான் இருந்தேன் என்பதைச் சரித்திரம் பதிவு செய்ய வேண்டும். (அந்த இணையப் பக்கம் செய்யவில்லை.) நாலாவது வளைவில் பின்னால் வந்தவன் பளிச் பளிச்சென்று லைட் அடித்தான்.

பந்தயத்தில் லைட் அடிப்பது முன்னால் போகிறவனை மிரட்ட. அது எனக்கும் தெரியும். பிரதாப் சார் வகுப்பே எடுத்திருந்தார். ஆனால் தெரிந்தது தலைக்கு. கைக்கு யார் வகுப்பு எடுத்தார்கள்? இடது இண்டிகேட்டர் தானாக விழுந்தது. கார் தானாக ஒதுங்கியது. வலது கை "போங்க" என்று வெளியே போகப் பார்த்து, ஜன்னலில் கட்டியிருந்த வலையில் மாட்டிக்கொண்டது. அதை விடுவிப்பதற்குள் மூன்று பேர் போய்விட்டார்கள்.

காதில் பிரதாப் சார் அலறினார். "ஜாபர்! ஏன்யா வழி விடறே?"

பதில் சொல்லப் பட்டனை அமுக்கினேன். "லைட் அடிச்சாங்க சார்."

"அடிக்கத்தான்யா செய்வாங்க! விடாதே!"

"சரிங்க சார்" என்று சொல்லிக்கொண்டே இன்னொருவருக்கு வழி விட்டேன். அவர் இரண்டு தடவை லைட் அடித்துவிட்டார். அதற்கு மேல் காக்கவைப்பது எனக்கே அநாகரிகமாகப் பட்டது.

பதற்றம் என்று ஒன்று உண்டே, அது எனக்கு நேராக நாக்குக்கு வரும். வளைவு வந்தது; கட்டைவிரல் ஸ்டியரிங்கின் நடுவை அமுக்கியது; வாய் திறந்தது. "போங்க, நீங்களும் போங்க. ஐயா சிவப்புக் காரு, நீங்க மட்டும் எதுக்கு இருக்கீங்க, போங்க." அடுத்த வளைவு, அடுத்த அமுக்கல். "ஆறாவதா நின்னனே, இந்தக் கைய ஒடைக்கணும்." அடுத்தது. "இந்தப் பிரதாப் சாரு வேற காதுக்குள்ள கத்தறாரு. மூஞ்சியும் தொப்பியும். அந்தத் தொப்பிய எங்க கடையில ஓசிக்குக் குடுத்தாக்கூட ஒருத்தனும் வாங்க மாட்டான்." அமுக்கும்போதெல்லாம் ஹாரன் சத்தம் வரவில்லையே என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

நாலாவது சுற்று முடியும்போது நான் வழி விட ஆளே மிச்சமில்லை. மூன்று கார்கள் இன்ஜின் புகைந்தும் மணலில் சிக்கியும் நின்றுபோயிருந்தன. ஓடியவை பதினொன்று. நான் பதினொன்றாவது.

அதன்பிறகு காதிலும் சத்தம் நின்றுவிட்டது. கோபித்துக்கொண்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். முன்னால் ஒரு வண்டியும் தெரியவில்லை. பின்னால் இருந்தவர்கள் எல்லாம் எனக்கு முன்னால் போய்விட்டதால் பின்னாலும் யாருமில்லை. வெறும் தாரும் வெயிலும் நானும். நேர்ச்சாலையில் போகும்போது கேலரியில் இருந்தவர்களின் தலைகள் எல்லாம் எனக்கு முன்னால் போனவர்கள் பக்கம் திரும்பியிருக்கும். நான் கடப்பதை ஒரு ஐஸ்காரர் மட்டும் பார்த்தார். அவரும் நான் ஐஸ் வாங்க மாட்டேன் என்று தெரிந்ததும் திரும்பிக்கொண்டார்.

விடிகாலை மூட்டத்தில் தனியே இறங்குவது எனக்குப் பழக்கம்தான். ஆனால் அங்கே கீழே செவ்வாய்ப்பேட்டையில் யாராவது காத்திருப்பார்கள், மேலே வந்தால் அக்கா கதவைத் திறப்பாள். இந்த மைதானத்தில் சுற்றிச் சுற்றி எங்கே போய்ச் சேரப்போகிறேன் என்று எட்டாவது சுற்றில் தோன்றியது. தோன்றியிருக்கக் கூடாது. அப்புறம் பத்துச் சுற்று, பதினொரு சுற்று, ஒவ்வொரு வளைவிலும் அமுக்கி அமுக்கி, நான் அக்காவோடு பேச ஆரம்பித்துவிட்டேன்.

"அக்கா, அந்தப் பிஸ்கட் பெட்டிய கொரங்கு எடுக்கலக்கா. நாந்தான் வேகமா ஒடிச்சேன், பள்ளத்துல போயிருச்சு. கொரங்குக மேல வீணாப் பழியப் போட்டுட்டேன்."

அடுத்த வளைவு. "கெழவனாகணுமான்னு கேட்டது தப்புக்கா. அன்னிக்கு வாயில என்னமோ வந்துருச்சு."

அடுத்த வளைவு. "பத்துக்குள்ள வந்துட்டா கோயமுத்தூர்ல இருக்கணும். அங்க எனக்கு ஒரு ஆளத் தெரியாதுக்கா. ரூமுல போயி யாருகிட்டப் பேசுவேன்? வராட்டி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஊட்டுக்கு வர்றது? ரெண்டும் பயமா இருக்குக்கா. நொம்பப் பயமா இருக்கு."

யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் மனிதன் எவ்வளவு நேர்மையாகிவிடுகிறான் பாருங்கள்.

கடைசிச் சுற்று. திடீரென்று காதில் பிரதாப் சார் குரல். "ஜாபர்! முன்னாடி நீலக் கார், டயர் போச்சு! நொண்டறான்! அவனைத் தாண்டினா நீ பத்தாவது! தாண்டு ஜாபர், சீட் உனக்குத்தான்!"

தெளிவாகக் கேட்டது. ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. நீலக் கார் தெரிந்தது. பின் டயர் கிழிந்து, தட்டுத்தட்டென்று அடித்துக்கொண்டு, மைதானத்தின் ஓரமாக ஊர்ந்துகொண்டிருந்தது. எல்லைக்கோட்டுக்கு இன்னும் இரண்டே வளைவு. நான் அழுத்திய அழுத்தில் நொடியில் அதன் பக்கவாட்டுக்கு வந்துவிட்டேன். இன்னும் ஒரு கார் நீளம் போனால் போதும். அடுத்த சீசன், கோயம்புத்தூர், ரூம், எல்லாம் அந்த ஒரு கார் நீளத்தில் இருந்தது.

கால் பிரேக்கில் இருந்தது.

"என்னங்க ஆச்சு?" என்று கையால் கேட்டேன். வாயாலும் கேட்டேன், கட்டைவிரல் அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. "டயருங்களா? ஜாக்கி இருக்குதுங்களா?"

நீலக் காரின் ஓட்டுநர் ஹெல்மெட்டோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று சொல்ல முடியாது. இருபத்திரண்டு வருஷமாக அவர் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். பிறகு "போ, போ" என்று கையை ஆட்டினார். எங்கள் மலையில் அப்படிச் சொல்கிறவர்கள் எல்லாம் கூச்சத்தில் சொல்கிறவர்கள். விட்டுவிட்டுப் போகக் கூடாது.

அவருக்குப் பின்னால் போனேன். நாலு பக்க விளக்கையும் மினுக்கவிட்டேன். (ரோட்டுக் கார்தானே, அந்த விளக்கு மட்டும் பிடுங்கப்படாமல் இருந்தது. பிடுங்கியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.) பின்னால் யாரும் வந்து மோதிவிடக் கூடாதே என்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். பின்னால் ஒருவரும் இல்லை. பதினொன்றாவது ஆளுக்குப் பின்னால் யார் இருப்பார்கள்? காலியான மைதானத்திலிருந்து ஒரு நொண்டிக் காரை நான் பத்திரமாகக் காப்பாற்றி, எல்லைக்கோட்டுக்குக் கூட்டிப்போய்ச் சேர்த்தேன். அவர் பத்தாவது. நான் பதினொன்றாவது. கட்டம் போட்ட கொடியை ஆட்டிக்கொண்டிருந்தவரின் கை என்னைக் கண்டதும் பாதியில் நின்றது. அப்போதுதான் தலைக்கு விஷயம் எட்டியது.

காரை டீம் கொட்டகையில் நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினேன். பிரதாப் சாரின் தொப்பி தரையில் கிடந்தது. மாதேஸ் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான், முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. அடுக்கிவைத்த டயர்களின் மேல், முக்காட்டுக்கு மேலே பெரிய ஹெட்போன் மாட்டிக்கொண்டு, காலில் பஸ் தூசியோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

அக்கா.

மூன்று வாரத்துக்குப் பிறகு என் அக்கா என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை இது: "பிஸ்கட் பெட்டி எந்த வளைவுல உழுந்துச்சு?"

திரும்பிக் காருக்குள் பார்த்தேன். ஸ்டியரிங்கின் நடுவில் சிவப்பு பட்டன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒம்பதாவதுலக்கா" என்றேன்.

"ம். சாவியக் குடு. அதுக்குத்தான் வந்தேன்."

பிரதாப் சார் மெதுவாகக் குனிந்து தொப்பியை எடுத்தார். தட்டினார். புரட்டிப் பார்த்தார். "ஜாபர், நிஜமாவே ஓசிக்குக் குடுத்தாலும் வாங்க மாட்டாங்களா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். உண்மையான கவலையோடு கேட்டார்.

நடந்ததை மாதேஸ்தான் பிறகு சொன்னான். (இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறான், வாழவந்தி பஸ்ஸில், குரல் மாற்றி, நடித்து.) அக்கா வந்து சேர்ந்தபோது நாலாவது சுற்றாம். தம்பி பேசுவது கேட்கும் என்று ஹெட்போனை மாட்டிவிட்டிருக்கிறார்கள். பட்டனை அமுக்காதே என்று எனக்குச் சொல்லப் பிரதாப் சார் மைக்கை எடுத்தாராம். அக்கா கையை நீட்டித் தடுத்திருக்கிறாள். "உடுங்க சார். மூணு வாரமா எங்கிட்டப் பேசாதவன். இப்பத்தான் அவன் பேச்சு காதுல உழுகுது. பேசி முடிக்கட்டும்."

எஸ்டேட் முதலாளி மகன் மைக்கைக் கீழே வைத்துவிட்டாராம். கடைசிச் சுற்றில் நீலக் காரின் டயர் கிழியும்வரை எடுக்கவேயில்லையாம்.

கோயம்புத்தூரிலிருந்து சேலம் வரைக்கும் பஸ்ஸில் அக்கா வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை; போதுமான அளவு திறந்தாயிற்று. சேலத்தில் ஏற்காடு பஸ் ஏறினோம். முதல் வளைவில் டிரைவர் ஹாரன் அடித்தார். பக்கத்தில் முக்காட்டுக்குள் ஒரு சத்தம். அழுகிறாளோ என்று பயந்தேன். இரண்டாவது வளைவில் ஹாரன். மறுபடி அந்தச் சத்தம். மூன்றாவதில்தான் தெரிந்தது, சிரித்துக்கொண்டிருந்தாள். இருபது வளைவுக்கும் சிரித்தாள். ஒன்பதாவதில் மட்டும் ஜன்னல் வழியே பள்ளத்தை எட்டிப் பார்த்தாள்.

"நாளைக்குச் சீனி ரெண்டு மூட்டை" என்றாள், ஊர் வந்ததும். பேப்பரில் இல்லை, வாயால்.

மறுநாள் காலை சீனிக்குச் சாக்கு எடுக்கக் கடைக்குள் போனபோது, காலண்டருக்குப் பின்னால் ஆணியில் வேனின் இன்னொரு சாவி தொங்குவதைப் பார்த்தேன். எப்போதும் அங்கேதான் தொங்கும். எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். சாவிக்காகச் சீசன் ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு மூன்று பஸ் மாறி யாரும் வர மாட்டார்கள். நான் காலண்டரை நேராக்கிவிட்டு வந்துவிட்டேன்.

பிரதாப் சார் அப்புறம் கூப்பிடவில்லை. அந்தத் தொப்பியோடும் அவரை யாரும் பார்க்கவில்லை. எனக்குக் கல்யாணமும் ஆகவில்லை. மூன்று இடம் பார்த்தார்கள். மூன்றிலும் இழுத்தடித்து, வேறு மாப்பிள்ளை வந்ததும் ஒதுங்கிக்கொண்டேன். "லைட் அடிச்சிருப்பாங்க, இவன் வழி உட்டிருப்பான்" என்பாள் அக்கா, கேட்கிறவர்களிடமெல்லாம்.

ஆறு வருஷத்துக்கு முன் மகள் வந்து அவளை ஷார்ஜாவுக்குக் கூட்டிப்போய்விட்டாள். அதற்கும் நான் வழி விட்டேன்; வேறென்ன தெரியும் எனக்கு? இப்போது கல்லாவும் நான்தான், வேனும் நான்தான். சாமான் லிஸ்ட்டை நானே எழுதி, நானே டாஷ்போர்டில் ஒட்டி, நானே டிக் அடிக்கிறேன். மத்தியானமே மூட்டம் இறங்கிவிட்டால் கடைக்கு எதிரே இருக்கும் ரவுண்டானா தெரியாது. அப்போது கடையில் நானும் நாற்பது கம்பளிக் குல்லாக்களும் மட்டும் உட்கார்ந்திருப்போம். உன் கடைக்கு வண்டி ஓட்டியே கிழவனாகணுமா என்று கேட்டேன் அல்லவா? ஏறக்குறைய ஆகிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் வேனை எடுத்துக்கொண்டு ஒன்பதாவது வளைவுக்கு இறங்குவேன். போன் தெளிவாகக் கேட்பது அங்கேதான். ஓரமாக நிறுத்தி, நாலு பக்க விளக்கையும் மினுக்கவிட்டு, அக்காவைக் கூப்பிடுவேன். பத்து நிமிஷம் அவள் குளிர்சாதனத்தைத் திட்டுவாள். பிறகு நான் சும்மா இருப்பதைக் கவனித்துவிடுவாள்.

போன வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். அந்த இணையப் பக்கத்தைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைத்தேன். கடை எப்படி இருக்கிறது என்று சொல்லலாம் என்று நினைத்தேன். வாய் வரவில்லை.

"என்ன சாமி, பட்டன அமுக்கியிருக்கியா?" என்றாள்.

"அமுக்கியிருக்கேங்க்கா."

"அப்பப் பேசு."

அந்த நேரம் பார்த்துப் பின்னால் ஒரு சுற்றுலா வேன் வந்து லைட் அடித்தது. நான் ஓரமாகத்தான் நின்றிருந்தேன், தாராளமாகப் போகலாம். இருந்தாலும் வலது கை தானாக வெளியே போய், "போங்க" என்றது.

"யாருடா அது?"

"தெரியலக்கா. லைட் அடிச்சாங்க."

ஷார்ஜாவிலிருந்து சிரிப்பு வந்தது. அது அடங்கும்வரை காத்திருந்துவிட்டுப் பேச ஆரம்பித்தேன்.